ஏழில் எது அவள்

...இரண்டாவதாக வாசிப்பதுதான் என் மகள், அதில் சந்தேகமே இல்லை, முதலில் வாசித்த பிள்ளை பாவம் பயந்து பயந்து வாசித்தது, இது அப்படியா, எடுத்த எடுப்பிலேயே எங்கும் தட்டாமல் தடுக்காமல் வழவழவென்று போகிறது, ஒரு பிசிறு உண்டா, தனப்பிரியா என்றால் அப்படித்தான், ஆறு வருடமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்... பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவிடம் சொல்லியும் விட்டேன், மூடியிருந்த கதவைக் காட்டி, "எம்பட புள்ளைங்க" என்று. அவர் மடியில் ஒரு பட்டுச்சேலையைப் போட்டு முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார், பல்லுக்கிடையில் ஒரு நூல், அதை எடுக்காமலே தலையை ஆட்டினார், நல்லது என்கிறாரா, அப்படியா என்கிறாரா, எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி வராந்தா, ஆவணி மாதத்துக் கடைசி ஞாயிறு, பதினொரு மணி வெயில் கம்பி வழியாக வந்து முழங்கால் வரை ஏறிவிட்டது. உள்ளே சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து வயலின் போட்டி, பதினைந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் ஏழு பேர், ஏழு பேருக்கும் ஒரே பாட்டுதான், வர்ணம் என்கிறார்கள், உள்ளே போன பிறகு சீட்டுக் குலுக்கித்தான் வரிசை, நடுவர்கள் மூன்று பேரும் திரைக்கு அந்தப் பக்கம், யார் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, ஏழு பேரும் முடித்தால்தான் கதவு திறக்கும். போன வருடம் வரைக்கும் இவ்வளவு கெடுபிடி இல்லையாம், யாரோ ஒரு அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று மகனுக்குத் தாளம் போட்டுக் காட்டி மாட்டிக்கொண்டாராம், அதிலிருந்து ஜன்னலும் சாத்தியாகிவிட்டது. ஆகவே வெளியே இருக்கிற எங்களுக்குக் காதுதான். அதனால் என்ன, எனக்குக் காது போதும், இருபத்திரண்டு வருடமாகக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

உண்மையில் எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான், இது எங்கே இருந்து வந்தது? மூத்தவள் தமிழினி டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் சொல்லிவிடலாம், ஹாஸ்டல் பள்ளிக்கூடம், விடிகாலை நாலு மணிக்குப் படிப்பு, வாரம் நாலு பரிட்சை, எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் நடக்கிற கதை. வயலினுக்கு என்ன காரணம் சொல்வது? என் அப்பா பாடி நான் கேட்டதில்லை, திட்டித்தான் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி வசந்தாமணி பக்கம் அவளுடைய பெரியப்பா ஒருவர் பஜனையில் ஜால்ரா தட்டியவர், அதுவும் தாளத்தில் நிற்காது, அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மல்லசமுத்திரத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி யார் வீட்டிலும் ஒரு புல்லாங்குழல்கூடக் கிடையாது. தனப்பிரியாவுக்கு எட்டு வயது இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் துணையாகத் திருச்செங்கோட்டில் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனவள், திரும்பி வந்து அளவுகோலை எடுத்து இடது கையின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே இருந்தாளாம், மூன்று நாள், சாப்பிடும்போதுகூட. நான் அப்போது சத்தீஸ்கரில். போனில் வசந்தாமணி இதைச் சொன்னபோது, கூட இருந்தவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா, எங் காதுடா அது, எங் காது அப்படியே எம்பட புள்ளைக்குப் போயிருக்குது என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் நான் டிரில்லர், லீவரில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், ஆயிரம் அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கண்ணால் யார் பார்க்க முடியும், சத்தம்தான், மண்ணில் இறங்கும்போது ஒரு சத்தம், கல்லில் விழும்போது ஒரு சத்தம், கருங்கல்லுக்கும் வெள்ளைக்கல்லுக்கும் வேறு வேறு, பாறையில் வெடிப்பு வரப் போகிறது என்றால் அரை அடிக்கு முன்னாலேயே சத்தம் இளக ஆரம்பிக்கும், நான் கையைத் தூக்கினால் பசங்கள் விலகிக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் தண்ணீர் பீச்சும். டிரில்லர் வேலுமணி என்றால் ஜபல்பூர் பக்கம் விவசாயிகள்கூட ஒரு நாள் காத்திருந்து கூப்பிடுவார்கள். அந்தக் காது எனக்கு வயிற்றுப்பாட்டைக் கொடுத்தது, அவளுக்கு வயலினைக் கொடுத்திருக்கிறது, வேறு எப்படி வந்திருக்க முடியும்... வலது காதில் மட்டும் இப்போது கொஞ்சம் மந்தம், கம்ப்ரசர் எப்போதும் வலது பக்கம்தானே, யாரிடமும் சொல்லவில்லை, அதற்காகத்தான் இடது காது கதவுப் பக்கம் இருக்கும்படி இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் வடக்கேதான், மழைக்காலத்தில் வேலை நின்றால் வண்டி ஊர் திரும்பும், ஒன்றரை மாதம் வீடு, அதிலும் பாதி நாள் வொர்க்ஷாப்பில் வண்டியோடு போய்விடும். ஆனால் ஒரு நாள் தவறியதில்லை, சாயங்காலம் ஏழரைக்கு அவள் வாசித்தது வாட்ஸப்பில் வந்துவிடும், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், கேபினில் உட்கார்ந்து போடுவேன், பசங்கள் எல்லோரும் ரொட்டியை மாவோடு விட்டுவிட்டு வந்து நிற்பார்கள், ஒரிசாக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொள்வான், அவனுக்கு என்ன புரிந்ததோ. ஒரு தப்பு இருக்காது. ஒரு நாள்கூட. போன் அடித்தாலும் அவள் வாசித்ததுதான் அடிக்கும், அதையே வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும்போது நேரில் கேட்கலாமே என்றால், என்னவோ அமைவதில்லை, நான் வந்துவிட்டால் அவள் டீச்சர் வீட்டிலேயே சாதகத்தை முடித்துவிட்டு வருவாள், அப்பா தூங்கட்டும் என்றுதான், அவ்வளவு பொறுப்பு. விருந்தாளி வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வேன், பரிட்சை இருக்குதுங்கப்பா என்று உள்ளே போய்விடுவாள், நான் போனில் இருப்பதைப் போட்டுக் காட்டிவிடுவேன், அவர்களும் ஆகா ஓகோ என்பார்கள். போட்டிக்கெல்லாம் வசந்தாமணிதான் கூட்டிக்கொண்டு போவாள், இன்றைக்குப் பரமத்தி வேலூரில் அவளுடைய அக்கா பேரனுக்குக் காதுகுத்து, நீ போ, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான்தான் சொன்னேன், தனப்பிரியா ஒரு மாதிரி அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் சரிங்கப்பா என்றாள்.

இரண்டாவது முடிந்தது. உள்ளே யாரும் கை தட்டக் கூடாதாம், நான் தொடையில் தட்டிக்கொண்டேன். பிசிறில்லாமல் முடித்துவிட்டாள், இனி யார் வாசித்தால் என்ன... மூன்றாவது ஆரம்பித்தது, அந்த அம்மா வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கும், "உங்களுக்கு ஒரே பொண்ணுங்களாண்ணா?" என்றார். கேட்டது நல்லதாகப் போயிற்று. "இல்லீங்க, பெரிய புள்ள டாக்டருக்குப் படிக்குதுங்க, ரெண்டாவது வருசம், கவர்மெண்ட் சீட்டு, பிளஸ் டூவுல ஐநூத்தித் தொண்ணூத்திரெண்டு" என்றேன், அறுநூறுக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னேன், சில பேர் பழைய கணக்கில் ஆயிரத்து இருநூறுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். தமிழினிக்கு மார்க் வந்த அன்றைக்கு மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தோம், பதினாறுக்குப் பத்து அடி, நான் ஊரில் இல்லை, மச்சினன் மணிமாறன்தான் நின்று கட்டினான், பேனர் கடைக்காரர் பெற்றோர் படம் வேண்டும் என்றாராம், வசந்தாமணி ஒத்துக்கொள்ளவே இல்லை, நான் ரிக் வண்டிக்கு முன்னால் நின்று ஒரு செல்பி எடுத்து அனுப்பினேன், கடைசியில் பார்த்தால் என் மகள் படத்தைவிட வண்டி பெரிதாக வந்துவிட்டது, படத்தில் நான் அவள் தோளுக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு சிரிக்கிறேன், யாருடைய மார்க்கு என்று கேட்கும்படி இருக்கிறது, வசந்தாமணி இரண்டு நாள் போனில் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேனரை நான் கண்ணால் பார்த்தது எப்போது, மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது, பஸ் ஸ்டாப்பில் வேறொரு வீட்டுக் கல்யாணம் சிரித்துக்கொண்டிருந்தது, எங்கள் பேனரைத் தோட்டத்தில் சோளத்தட்டுப் போருக்கு மேல் மழைக்குப் போர்த்தியிருந்தார்கள், தமிழினி தலைகீழாகக் கிடந்தாள், அதைக்கூட மனசு கேட்காமல் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்... இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கையை லேசாகத் தூக்கினார், உள்ளங்கையைக் காட்டி, கொஞ்சம் இருங்கள் என்கிற மாதிரி, முகம் கதவுப் பக்கம். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டால் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது, பரவாயில்லை, நானும் விடவில்லை, குரலைத்தான் குறைத்துக்கொண்டேன், தமிழினி ஸ்டெத்தாஸ்கோப் போட்டுக்கொண்டு நிற்கிற படத்தைத் தேடி எடுத்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன், பார்த்தார், "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார், அதற்குள் உள்ளே சத்தம் நின்றிருந்தது.

நாலாவது. வில் கம்பியில் பட்டு ஒரு இழுப்பு இழுத்திருக்காது, அவர் ஊசியை நிறுத்தினார், "என் பையனுங்க" என்றார். ஆரம்பித்து ஒரு மூச்சுக்கூட ஆகவில்லையே. "எப்புடீங்க சொல்றீங்க?" "அவன்தானுங்க" என்றார், அதற்கு மேல் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல. நான் விடவில்லை, எனக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும் போலிருந்தது, மறுபடியும் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்கிறவரைப் போலச் சொன்னார். "மேல போறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பானுங்க, இப்பப் பாருங்க... பாத்தீங்களா? டீச்சர் திட்டித் திட்டிப் பாத்துட்டாங்க, போகல. அப்புறம் வேகமா வர்ற எடத்துல மூக்குல மூச்சு வுடுவான், நம்ம ஊட்டு நாய் மோந்து பாக்கற மாதிரி, அது இங்க கேக்காது, எனக்குத் தெரியும்." பேர் மலர்விழியாம், பையன் கௌதமன், எட்டாவது படிக்கிறான், இவர் வீட்டிலேயே குஞ்சம் கட்டுகிற வேலை, அவன் ஒரு பக்கம் வாசிப்பானாம், இவர் ஒரு பக்கம் முடிச்சுப் போடுவாராம், தப்பு வந்தால் இவர் கையிலும் முடிச்சு தப்பிவிடுமாம். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. அவர் சொன்னது எல்லாமே குறைதான், ஒரு நொடி நிற்கிறான், மூச்சு விடுகிறான், திட்டினாலும் போகவில்லை, அவனுடைய கெட்டிக்காரத்தனம் ஒன்றுகூட அதில் இல்லை, ஆனால் அதை வைத்துத்தான் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து மகனைப் பிடித்துவிட்டார். சரி, என் மகளுக்கு அப்படி என்ன இருக்கிறது? இரண்டாவது வாசித்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், எதை வைத்து அது அவள் என்றேன்? தட்டவில்லை, தடுக்கவில்லை. அது ஒரு அடையாளமா? கல்லே இல்லாத மண்ணில் இறங்குகிற ராடு மாதிரி, எந்த ஊர் மண் என்று யார் சொல்ல முடியும். எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறாள் என்று கேட்டால் சொல்வேன், ஒன்பது, எந்தெந்த ஊரில் என்றும் சொல்வேன். மேலே போவதற்கு முன்னால் நிற்பாளா, மூச்சு விடுவாளா, வில்லை எப்படிப் பிடிப்பாள், கழுத்தை எந்தப் பக்கம் சாய்ப்பாள்... போட்டோவில் சாய்த்திருக்கிறாள், இடது பக்கம், அது எல்லோரும் சாய்ப்பதுதானே. "ரெண்டாவது எப்புடி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன், குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல். "சுத்தமா இருந்துச்சுங்கண்ணா" என்றார். சுத்தமாக. அது போதாதா, அதற்குத்தானே கோப்பை கொடுக்கிறார்கள், ஆனால் எனக்கு ஏனோ அந்த வார்த்தை நிறையவில்லை.

ஐந்தாவது நன்றாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் வேகம் ஏறுகிற இடத்தில் ஒரு கீறல், வில் வழுக்கியிருக்கும், அப்புறம் ஒன்றுமில்லை, அமைதி, வராந்தாவில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தோம். "அடடா, யார் ஊட்டுப் புள்ளையோ" என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்தே மறுபடியும் எடுத்தது அந்தப் பிள்ளை, முதலில் நடுங்கி, அப்புறம் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கொண்டுபோய் முடித்தது. நான் பெருமூச்சு விட்டேன், யாரோ பெற்ற பிள்ளைக்கு. பின்பக்க வழியாக உள்ளே டீ கொண்டு போனார்கள், பத்து நிமிடம் இடைவேளை. அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது, தனப்பிரியாவின் வயலின், வராந்தா முழுக்க, மெலிதாக, தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி, எல்லோரும் திரும்பினார்கள், மலர்விழி ஊசியோடு நிமிர்ந்து என் சட்டைப் பையைக் கூர்ந்து பார்த்தார். வசந்தாமணிதான். காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கிக்கு நடுவில் கத்தினாள், "புள்ள வாசிச்சுருச்சுங்களா?" நான் மாடிப்படி ஓரமாக ஒதுங்கிப் போய் நின்று, "வாசிச்சுருச்சு... ஏம்மா, இவ எப்புடி வாசிப்பா?" என்றேன். "என்னங்க கேக்கறீங்க, தெனமும் நீங்கதான கேக்கறீங்க?" "அது இல்ல, எதாச்சும் ஒரு எடத்துல தட்டுவாளா, நிப்பாளா, அப்புடி." அவள் சிரித்தாள். "தட்டாம என்னங்க, வேகமா வர்ற எடத்துல எப்பவும் தட்டும், மறுபடியும் மொதல்ல இருந்து எடுப்பா. உங்களுக்கு அனுப்பறதுன்னா அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுருவா, எட்டுத் தடவ, ஒம்பது தடவ புடிச்சு, அதுல தப்பு இல்லாதது ஒண்ணுதான் உங்களுக்கு வரும். மத்ததெல்லாம் அழிச்சுருவா. அப்பா வண்டில எல்லார்த்துக்கும் போட்டுக் காட்டுவாரு, தப்பா இருந்தா அவருக்குக் கேவலம்மான்னு சொல்லும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க."

தெரியாது. ஒன்பது தடவையா? முதலில் பெருமையாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன், எனக்கு எதைக் கேட்டாலும் முதலில் பெருமைதான் வரும், ஒன்பது தடவை உழைக்கிற பிள்ளை, வெறும் மூன்று நிமிடத்துக்காக இரண்டரை மணி நேரம். படியில் இரண்டு முறை ஏறி இறங்கின பிறகுதான் மற்றது உறைத்தது. நான் கேட்டதெல்லாம் ஒன்பதாவது. ஆறு வருடமாக ஒன்பதாவது மட்டும்தான். அழித்த எட்டும் வசந்தாமணிக்குத் தெரியும், தமிழினிக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிற சென்னியம்மாளுக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் வரவில்லை. என்னவோ நான் தூங்கட்டும் என்று டீச்சர் வீட்டில் வாசிக்கிறாள் என்று நினைத்தேனே... தப்பை நான் கேட்டுவிடக் கூடாது என்று. எனக்குக் கேவலமாம். எப்போது அவளுக்கு அப்படி ஒரு பயத்தைக் கொடுத்தேன், திட்டியிருக்கிறேனா, இல்லையே, கை ஓங்கியதுகூட இல்லை, பெருமைப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான், வாயைத் திறந்தால் அவளைப் பற்றித்தான். பெருமைப்பட்டது ஒரு குற்றமா? வேகமாக வருகிற இடத்தில் எப்பவும் தட்டும் என்றாளே வசந்தாமணி... வேகம் ஏறுகிற இடத்தில்தானே ஐந்தாவது பிள்ளை நின்றது. யார் ஊட்டுப் புள்ளையோ என்று சொன்னேனே. அப்படியானால் அந்த அமைதி, தரையைப் பார்த்தோமே அந்த நேரம், உள்ளே நின்றது அவளா, தனியாக, வில்லைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு அழிக்க முடியாமல்?

மறுபடியும் வந்து உட்கார்ந்தேன். ஆறாவது வாசித்தது, இடது காதைக் கதவுக்கு நேராகத் திருப்பிக் கேட்டேன், லீவரைப் பிடித்துக்கொண்டு கேட்பதைப் போல, மூச்சைக்கூட அடக்கி, வில் மாறும் இடம், விரல் ஏறும் இடம், எங்காவது ஒரு சின்னத் தடுக்கல் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. இருந்தது, இரண்டு இடத்தில். ஆனால் அவளுடைய தடுக்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும், என்னிடம் இருப்பது ஒன்பதாவது மட்டும். ஏழாவதும் அப்படித்தான் போயிற்று. விசித்திரம் என்னவென்றால், ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு வேறாக வாசிக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் கேட்க ஆரம்பித்தது, ஒரே பாட்டு, ஒரே மாதிரி வயலின், ஆறாவது பிள்ளை கோபக்காரப் பிள்ளை, ஏழாவது கூச்சக்காரப் பிள்ளை, பார்க்காமலே சொல்லிவிடலாம் போலிருந்தது, இவ்வளவு கேட்கிற காது காலையிலிருந்து எங்கே போயிருந்தது... முதல் பரிசு யாருக்கு என்பதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. எது அவள், அது ஒன்றுதான் வேண்டும். இரண்டாவது என்றால் சந்தோஷம், ஐந்தாவது என்றால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து என்ன சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன், விட்ட இடத்திலிருந்து எடுத்தாயே, அதுதான் பெருசு சாமி என்று சொல்லலாம், ஆனால் அவள் ஐந்தாவதாக இல்லாமல் இருந்து நான் இதைச் சொன்னால்? தப்பு வந்தால் அது நீதான் என்று நினைத்தேன் என்று ஆகிவிடும்.

கதவு திறந்தது. ஏழு பேரும் வயலின் பெட்டியோடு வந்தார்கள், கௌதமன் நேராக அம்மாவிடம் போய், "நின்னுட்டனாம்மா?" என்றான், "நின்னடா, நின்ன" என்று அவர் அவன் தலையைக் கலைத்தார், அவ்வளவுதான், முடிந்தது. தனப்பிரியா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். முகம் சிவந்திருந்தது, அழுதாளா, வெக்கையா, மகள் முகத்தைப் பார்த்தால்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லையே. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, எது நானுன்னு கண்டுபுடிச்சீங்களா?"

இரண்டு என்று சொல்ல நாக்கு வந்தது. மலர்விழி சேலையை மடித்துக்கொண்டிருந்த கையை மெதுவாக்கினார்.

"தெரீல சாமி" என்றேன். "எல்லாத்தையும் கேட்டேன், எனக்குத் தெரீல."

இதுவரை நான் அவளிடம் சூப்பர் என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, ரகசியம் சொல்கிறவளைப் போல என் பக்கம் சாய்ந்தாள், என் வலது காதுப் பக்கம், நான் சட்டென்று தலையைத் திருப்பி மற்றக் காதைக் கொடுத்தேன்.

"மூணாவதுங்கப்பா. ஒரு எடத்துலயும் தட்டல. எப்பவும் நிக்கற எடம்கூட அப்புடியே போயிருச்சு, மொதத் தடவையிலயே... கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க கேட்டுட்டு இருக்கறீங்கன்னு நெனச்சுட்டே வாசிச்சனுங்கப்பா. எப்புடி இருந்துச்சுங்க?"

மூன்றாவது. மூன்றாவது எது... இரண்டாவது முடிந்து தொடையில் தட்டிக்கொண்டேன், நாலாவதில் கௌதமன் ஒரு நொடி நின்றான், நடுவில், நடுவில் என்ன கேட்டது, தேடிப் பார்க்கிறேன், ஐநூத்தித் தொண்ணூத்திரெண்டு என்று என் குரல்தான் கேட்கிறது, பேனர், ஹெல்மெட், சோளத்தட்டு, அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று மெலிதாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, ஒரு இழுப்புக்கூட ஞாபகத்தில் இல்லை. கையைத் தூக்கினாரே அந்த அம்மா, கொஞ்சம் இருங்கள் என்று. அப்போது அவர் எதைக் கேட்டார்? தனப்பிரியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், பதிலுக்கு. மலர்விழி மகனைக் கூட்டிக்கொண்டு வராந்தா முனைக்குப் போய்விட்டார், படியிறங்கப் போகிறார், ஓடிப் போய் அவரிடம்தான் கேட்க வேண்டும், என் மகள் எப்படி வாசித்தாள் என்று.